பார்வையில்லாத மாணவியை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போவதா, வேண்டாமா?

கேள்வி: 6 ஜனவரி 2025, மாலை 7.10

தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் சமூக அறிவியல் எடுக்கிறேன். பிப்ரவரியில் எட்டாம் வகுப்பை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போகிறோம், மொத்தம் 34 பேர். அதில் ஒரு மாணவிக்குப் பிறவியிலிருந்தே பார்வை இல்லை. "அவள் வந்து என்ன பார்க்கப் போகிறாள்? கூட்டத்தில் விழுந்து கிழுந்து வைத்தால் யார் பதில் சொல்வது? வீட்டில் இருக்கட்டும்" என்கிறார் உடன் வேலை செய்யும் ஆசிரியர். அவளோ முதல் ஆளாகப் பெயர் கொடுத்துப் பணமும் கட்டிவிட்டாள். கூட்டிப் போய், நாலு மணி நேரம் அவள் சும்மா நிற்கும்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் பயம். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

6 ஜனவரி, இரவு 9.40

டீச்சர், கூட்டிப் போங்கள். பணம் கட்டிய பிள்ளையை வீட்டில் விடலாமா என்பது பேச வேண்டிய விஷயமே இல்லை. அவள் அங்கே சும்மா நிற்காமல் இருக்க என்ன செய்யலாம் என்பதை மட்டும் பேசுவோம்.

எனக்கு ரெட்டினைடிஸ் பிக்மென்டோசா என்ற விழித்திரை நோய். பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து 31 வயதில் போய்விட்டது. இப்போது வெளிச்சம் எந்தப் பக்கம் என்பது மட்டும் தெரியும். அதனால் அருங்காட்சியகத்தைக் கண்ணாலும் பார்த்திருக்கிறேன், கையாலும் பார்த்திருக்கிறேன்.

முன்கூட்டியே போன் செய்யுங்கள், டிக்கெட் கவுன்ட்டருக்கு இல்லை, காப்பாட்சியருக்கு. "பார்வையில்லாத மாணவி வரலாமா" என்று கேட்காதீர்கள். அனுமதி கேட்டால் மறுக்கவும் இடம் கொடுத்தவர்கள் ஆகிறோம். "ஒரு மாணவி தொட்டுப் பார்க்க வருகிறாள், எதையெல்லாம் தொட வைக்கலாம்" என்று கேளுங்கள். வெளியே முற்றத்தில் நிற்கும் கற்சிற்பங்கள், நடுகற்கள், பீரங்கி, ஆட்டுக்கல் மாதிரிப் பொருள்கள், உள்ளே நகல்கள் ஏதாவது இருந்தால் அவை. இப்படி ஐந்து பொருள் கிடைத்தால் போதும், ஐம்பது வேண்டாம். கண் ஒரு நொடியில் முழுசையும் வாங்கிவிடும். விரல் அப்படி இல்லை, அங்குலம் அங்குலமாகச் சேர்த்துத்தான் முழு உருவத்தைக் கட்ட வேண்டும். ஒரு சிலைக்குப் பதினைந்து நிமிடம் ஆகும். அதற்குள் மற்ற 33 பேரும் நாலு கூடத்தைக் கடந்துவிடுவார்கள். அதனால் அவளுடன் ஒரு பெரியவரும், அவளுக்குப் பிடித்த தோழிகள் இரண்டு பேரும் தனி வேகத்தில் வரட்டும்.

யாரும் அவள் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம். கூட வருபவரின் முழங்கைக்கு மேலே அவள் பிடித்துக்கொள்வாள்.

அப்புறம் "தொடாதீர்கள்" பலகை. என்னைக் கேட்டால் எல்லாவற்றையும் தொட விட வேண்டும் என்பேன். கோயில் தூண்களை ஆயிரம் வருஷமாகத் தொட்டுக்கொண்டுதானே இருக்கிறோம்? தூண் எங்கே போய்விட்டது?

7 ஜனவரி, காலை 6.15

தூங்கி எழுந்ததும் ஞாபகம் வந்தது. "தொட்டால் மட்டும் என்ன தெரிந்துவிடும்" என்று உங்கள் சக ஆசிரியர் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

மொகஞ்சதாரோ நடன மங்கையைப் பாடப்புத்தகத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் படித்தபோது அது ஆள் உயரச் சிலை என்றே நினைத்திருந்தேன், பக்கம் முழுக்கப் படம் போட்டிருந்ததால். அதன் உயரம் 10.5 செ.மீ. பார்வை போன பிறகு, அதே அளவில் செய்த நகல் ஒன்றை என் மகன் வாங்கி வந்து கையில் வைத்தான். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. இடுப்பில் ஊன்றிய கை, மறு கை முழுக்க வளையல், பின்னால் கொண்டை, எல்லாம் ஒரு விரல் நீளத்துக்குள். இத்தனை வருஷம் பார்த்திருந்தும் அவள் எவ்வளவு சின்னவள் என்பது கை சொல்லித்தான் தெரிந்தது.

உங்கள் மாணவிக்குப் படம் தப்பாகச் சொல்லிக் கொடுத்திருக்காது. அவள் நேராகச் சரியான அளவிலிருந்தே தொடங்கலாம்.

8 ஜனவரி, இரவு 10.05

முந்தாநாள் எழுதியதில் ஒரு பெரிய தப்பு. எல்லாவற்றையும் தொட விட வேண்டும் என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

தொல்பொருள் பாதுகாப்பு படிக்கும் தம்பி ஒருவர் விவரமாக விளக்கியிருந்தார். கை வியர்வையில் உப்பு இருக்கிறது. அதில் உள்ள குளோரைடு வெண்கலத்தின் செம்போடு சேர்ந்து, காற்றில் ஈரமும் இருந்தால், இளம்பச்சைப் பொடியாக அரிக்க ஆரம்பிக்கும். வெண்கல நோய் என்றே அதற்குப் பெயர். ஒரு இடத்தில் தொடங்கினால் உள்ளே உள்ளே போய்க்கொண்டிருக்கும். ஓலைச்சுவடி, துணி, வண்ணம் பூசிய மரம் இவற்றைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்லிலும் எல்லாக் கல்லும் ஒன்றில்லை. நம் ஊர்க் கருங்கல் தாங்கும். அமராவதிச் சிற்பங்கள் சுண்ணாம்புக்கல்லில் செய்தவை, அவை அந்த அளவுக்குத் தாங்காது. கோயில் தூணிலும் ஆள் கை படும் இடம் வழவழவென்று தேய்ந்துதான் இருக்கிறது. நான் அதை யோசிக்காமல் எழுதிவிட்டேன்.

எனக்குப் பிறகு தொட வருகிற பிள்ளைகளுக்கும் அந்தச் சிலை இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் தம்பி, இதையும் கேளுங்கள். "கெட்டுவிடும்" என்ற ஒரே பதிலை வைத்துக்கொண்டு, கெடாத பொருள்களையும் சேர்த்துக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள். முற்றத்தில் வெயிலிலும் மழையிலும் நிற்கும் பீரங்கியைத் தொட்டதற்காக என்னை ஒரு இடத்தில் விசில் ஊதி விரட்டினார்கள். லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்தின் எகிப்தியச் சிற்பக்கூடத்தில் குறிப்பிட்ட சில மூலக் கற்சிற்பங்களையே பார்வையற்றோர் தொட்டுப் பார்க்க விடுகிறார்கள். எது தாங்கும், எது தாங்காது என்று உட்கார்ந்து ஒரு பட்டியல் போட்டால் எல்லா ஊரிலும் இது முடியும்.

டீச்சருக்கு: தொடும் முன் மோதிரம், வளையல், வாட்ச் எல்லாவற்றையும் கழற்றச் சொல்லுங்கள், கீறல் விழும். கை கழுவித் துடைத்துவிட்டுத் தொட வேண்டும். கையுறை போடச் சொன்னால் மெல்லிய நைட்ரைல் உறை கேளுங்கள். பருத்தி உறை போட்டால் விரலுக்கு எதுவும் தெரியாது.

11 ஜனவரி, மாலை 4.30

நகல்களைப் பற்றி நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். விடுமுறை என்பதால் விரிவாக எழுதுகிறேன்.

டெல்லி தேசிய அருங்காட்சியகத்தில் 2015 டிசம்பரில் ‘அனுபவ்’ என்று ஒரு தொடுகூடம் திறந்தார்கள். சேகரிப்பில் உள்ள பொருள்களுக்கு 22 நகல்கள் செய்து, பிரெயில் விவரமும் ஒலி வழிகாட்டியும் வைத்தார்கள். நம் நாட்டில் இது பெரிய அடி. மாட்ரிட்டின் பிராடோ அருங்காட்சியகமும் அதே 2015-ல் ஆறு ஓவியங்களைப் புடைப்பாகச் செய்து தொட வைத்தது. ஓவியத்தைத் தொடுவது என்பதை நான் அதுவரை யோசித்ததே இல்லை.

எனக்கு உள்ள குறை நகல் எதில் செய்கிறோம் என்பதில்தான். ஃபைபரில் செய்த சிலை கைக்குப் பிளாஸ்டிக் வாளி மாதிரி இருக்கும். எடை இல்லை, குளிர்ச்சி இல்லை, தட்டினால் ஓசை இல்லை. வடிவம் தெரியும், பொருள் தெரியாது. கண் இருப்பவர்களுக்கு ஃபைபரில் வெண்கல வண்ணம் அடித்தால் போதும். எங்களுக்கு வண்ணத்தால் ஒரு பயனும் இல்லை.

இங்கேதான் நமக்கு மற்ற ஊருக்கு இல்லாத வசதி இருக்கிறது. சுவாமிமலையில் இன்றும் ஸ்தபதிகள் பழைய மெழுகு வார்ப்பு முறையில்தான் சிலை செய்கிறார்கள். நான்கு வருஷம் முன்பு மகனோடு ஒரு பட்டறைக்குப் போனேன். ஸ்தபதி ஐயா என்னிடம் நேராகப் பேசினார், மகனிடம் இல்லை. "உக்காருங்கம்மா" என்று சொல்லி ஒன்றொன்றாக மடியில் வைத்தார். முதலில் மெழுகு உருவம். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சியது, கைச் சூட்டுக்கே இளகுவது போல இருந்தது, வாசனை வேறு. அப்புறம் அதன் மேல் காவிரி வண்டல் மண் பூசிய கூடு, பிடித்து வைத்த கொழுக்கட்டை போல உருவமே தெரியாமல். கூட்டைச் சுட்டால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த இடத்தில் உலோகம் போய் நிற்கும். கூட்டை உடைத்தால்தான் சிலை வெளியே வரும். அதனால் ஒரு அச்சில் ஒரே சிலை. அடுத்து உடைத்தெடுத்த, சீர் செய்யாத வார்ப்பு, சொரசொரவென்று. கடைசியாக உளி வேலை முடிந்த நடராஜர்.

அந்த நடராஜரில் என் விரல் ஒரு இடத்தில் நின்றுவிட்டது. வலது காதில் மகர குண்டலம். இடது காதில் கையை வைத்தால் வட்டமாக, வேறு மாதிரி. "என்ன ஐயா, ரெண்டு காதும் வேற வேறயா இருக்கு?" என்று கேட்டேன். "அது தோடும்மா, அம்பாள் பாகம்" என்றார். 31 வருஷம் கண்ணோடு கும்பிட்டிருக்கிறேன், காலண்டரிலும் கோயிலிலும். ஒரு நாள் கூட அந்தக் காதுகளைப் பார்த்ததில்லை.

சோழர் செப்புத்திருமேனி வைத்திருக்கும் ஒவ்வொரு அருங்காட்சியகமும் இந்த நாலு நிலையையும் வார்க்கச் சொல்லி வாங்கி ஒரு மேசையில் வைக்கலாம். கண் உள்ள பிள்ளைகளும் அந்த மேசையை விட்டு நகர மாட்டார்கள். ஸ்தபதிகளுக்கும் வேலை கிடைக்கும்.

12 ஜனவரி, காலை 8.00

நேற்று எழுதியதில் "இடது காது" என்றது சிலையின் இடதா, என் இடதா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சிலையின் இடது. எதிரே நின்று தொட்டால் என் வலது கைப்பக்கம் வரும்.

நல்ல கேள்வி. ஒலி வழிகாட்டி எழுதுபவர்கள் பெரும்பாலும் சறுக்கும் இடமும் இதுதான். "இடது கால் தூக்கியிருக்கிறது" என்று காதில் சொல்லும், என் இடது கை ஊன்றிய காலைத் தொட்டுக்கொண்டிருக்கும். குழம்பிப் போய்விடுவேன். ஸ்தபதி ஐயா செய்தது எளிது. சிலைக்குப் பின்னால் என்னை நிற்க வைத்து, முதுகுப் பக்கத்திலிருந்து இரண்டு கையையும் முன்னால் கொண்டு போகச் சொன்னார். அப்போது நடராஜரின் இடது என் இடது, நடராஜரின் வலது என் வலது. நம் செப்புத்திருமேனிகளுக்குப் பின்புறமும் முழுதாக வேலை செய்திருப்பார்கள் என்பதால் இது முடியும். சுவரோடு ஒட்டி வைத்தால் முடியாது.

டீச்சர், உங்கள் மாணவியைப் பின்னால் நிற்க வையுங்கள்.

12 ஜனவரி, இரவு 9.15

கோயம்புத்தூர்த் தோழர் கோபமாக எழுதியிருக்கிறார், கோபம் நியாயம்தான். "ஆறு நாளாகத் தொடுவதைப் பற்றியே பேசுகிறீர்கள். தொடுவதற்கு நான் முதலில் உள்ளே வர வேண்டாமா?" அவர் சக்கர நாற்காலியில் போகிறவர்.

அவரும் நானும் சேர்ந்து ஒரு முறை ஒரு மாவட்ட அருங்காட்சியகத்துக்குப் போனோம். வாசலில் மூன்று படி. பக்கத்தில் ஒரு சாய்தளம் போட்டிருந்தார்கள். 1:12 என்பது கணக்கு, அதாவது ஒரு அடி உயரம் ஏற 12 அடி நீளம் வேண்டும். மூன்று படி சேர்ந்து ஒன்றரை அடி என்றால் 18 அடி நீளம். அங்கே ஆறு அடிதான் இருந்தது. நான் நடந்தே ஏறினேன், கால் வழுக்கியது. அவரை இரண்டு பேர் நாற்காலியோடு தூக்கினார்கள். தூக்கியவர்கள் அன்பானவர்கள், ஆசையாகத்தான் தூக்கினார்கள். ஆனால் 46 வயது மனிதர் ஒருவர், ஊர் பார்க்க, சாமான் போலத் தூக்கப்பட்டு உள்ளே போனார். திரும்பி வரும்போது அவர் பேசவே இல்லை.

உள்ளே போனால் காட்சிப்பெட்டிகள் நிற்பவர் கண் உயரத்தில். காசுகளைக் கிடையாக வைத்த பெட்டியின் விளிம்பு அவர் மூக்குக்கு நேரே. அவருக்குக் காசுகள் தெரியவில்லை. எனக்கு எதுவும் தெரியவில்லை. இரண்டு பேரும் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தோம்.

கழிவறையைப் பற்றி அவர் எழுதச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "போகும் இடத்தில் கழிவறைக் கதவு அகலம் தெரியாவிட்டால் காலையிலிருந்து தண்ணீர் குடிக்க மாட்டேன்."

14 ஜனவரி, மதியம்

பொங்கல் வாழ்த்துகள். எங்கள் வீட்டில் பொங்கி முடித்தாயிற்று.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பற்றி ஒருவர் கேட்டதும் ஆத்தாவின் ஞாபகம் வந்துவிட்டது. அவர் அதை ‘செத்த காலேஜ்’ என்றுதான் சொல்வார். விலங்குக் காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’. பழைய மெட்ராஸ்காரர்கள் எல்லோருக்கும் இந்தப் பெயர்கள் தெரியும். 1851-ல் தொடங்கிய அருங்காட்சியகம். ஏழு வயதில் ஆத்தாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு திமிங்கிலத்தின் எலும்புக்கூட்டின் கீழே நின்றிருக்கிறேன். ஆத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஒரு பெட்டியிலும் அவர் படிக்கிற மாதிரி எதுவும் இல்லை. ஆனாலும் வருஷத்துக்கு ஒரு முறை கூட்டிப் போவார். பலகையைப் படிக்க முடியாதவர் நான் மட்டும் இல்லை என்பதை இன்றைக்குத்தான் யோசிக்கிறேன். அவருக்கும் ஒரு ஒலி வழிகாட்டி, பேச்சுத் தமிழில், இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார்.

எழும்பூருக்குப் போகிறவர்களுக்கு: வெள்ளிக்கிழமை விடுமுறை. பொங்கல் விடுமுறைக் கூட்டத்தில் போகாதீர்கள், பிப்ரவரியில் ஒரு சாதாரண நாளில் போங்கள்.

19 ஜனவரி, இரவு 11.20

டீச்சர் எழுதியிருக்கிறார்: மாணவி பிரெயில் நன்றாகப் படிப்பாளாம், வகுப்பிலேயே வேகமாகப் படிப்பது அவள்தானாம்.

இதைப் படித்துவிட்டு என் பழைய குறிப்புகளை எல்லாம் திரும்பக் கேட்டேன். பாதி இடத்தில் என் கதையை அவள் மேல் ஏற்றிவிட்டேன். நான் நடுவில் பார்வை இழந்தவள். நிறம் தெரியும், நடராஜர் எப்படி இருப்பார் என்று மனதில் படம் இருக்கிறது, பிரெயில் மட்டும் தட்டுத் தடுமாறித்தான் வரும். அவள் அப்படியே நேர்மாறு. ‘கி’ என்று படிக்க, ‘க’வுக்கு ஒரு கட்டம், ‘இ’க்கு அடுத்த கட்டம் என்று அவள் விரல் தாவிப் போய்விடும். நான் ஒவ்வொரு புள்ளியிலும் நிற்பேன். ஆகவே ஒலி வழிகாட்டி வைத்தாயிற்று, பிரெயில் வேண்டாம் என்றால் அவளுக்கு நஷ்டம். பிரெயில் வைத்தாயிற்று, ஒலி வேண்டாம் என்றால் எனக்கு நஷ்டம். கொஞ்சம் பார்வை உள்ளவர்களுக்கு இரண்டும் பத்தாது. சுவடியும் துணியும் இருக்கும் கூடத்தில் வெளிச்சத்தை 50 லக்ஸ் அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். அந்த மங்கலில் பலகை எழுத்து அவர்களுக்குத் தெரியாது. பெரிய எழுத்தில் அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்தால் வெளிச்சத்துக்கு வந்து படித்துவிட்டுப் போவார்கள்.

பிரெயில் வைக்கும் இடமும் முக்கியம். சுவரில் கண் உயரத்தில் நட்டமாக ஒட்டினால் மணிக்கட்டு மடங்கி வலிக்கும். இடுப்பு உயரத்தில், சாய்வு மேசை போல இருக்க வேண்டும். ஒரு இடத்தில் பிரெயில் அட்டையைக் காட்சிப்பெட்டிக்குள், கண்ணாடிக்குப் பின்னால் வைத்திருந்தார்கள். மகன் "அம்மா, பிரெயில் இருக்கு" என்று சந்தோஷமாகச் சொன்னான். கையை நீட்டினேன், கண்ணாடிதான் தட்டுப்பட்டது. அவனுக்கு அழுகை வந்துவிட்டது. செய்தவர்கள் மனதில் நல்ல எண்ணம்தான் இருந்திருக்கும். வைத்த பிறகு பிரெயில் படிக்கிற ஒரே ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டியிருந்தால் அன்றைக்கே வெளியே எடுத்து ஒட்டியிருப்பார்கள்.

க்யூஆர் கோடும் இப்படித்தான். போனில் திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் டாக்பேக் பேசும், ஆனால் கோடு சுவரில் எங்கே என்று யார் சொல்வது? சுற்றிலும் விரலுக்குத் தட்டுப்படும் புடைப்பான விளிம்பு ஒன்று போதும்.

20 ஜனவரி, காலை

காது கேளாத வாசகர் ஒருவர்: "ஒலி, ஒலி என்கிறீர்கள். கூடத்தில் ஓடும் வீடியோவுக்குத் தமிழில் எழுத்து ஓடினாலே பாதி வேலை முடியும். சைகை மொழியில் ஒரு வழிகாட்டி, மாதம் ஒரு நாளாவது." ஆமாம். சேர்த்துக்கொள்கிறேன்.

26 ஜனவரி, மாலை 6.00

குடியரசு தினம், அதனால் சட்டம் பேசலாம்.

2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 29-ஆவது பிரிவு கலையையும் பொழுதுபோக்கையும் பற்றியது. மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றுக்கென்றே ஒரு அருங்காட்சியகம் அமைக்க வேண்டும் என்றும் அதில் இருக்கிறது. இதைச் சொன்னால் பலர் நம்புவதில்லை, எடுத்துப் படியுங்கள். 45-ஆவது பிரிவு, ஏற்கனவே இருக்கும் பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாளிலிருந்து ஐந்து வருஷத்துக்குள் சரிசெய்யச் சொல்கிறது. விதிகள் வந்தது 2017 ஜூனில், ஆக 2022 ஜூனிலேயே கெடு முடிந்தது. போன நவம்பர் 8-ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ராஜீவ் ரதூரி வழக்கில், அணுகல் விதிகளை வெறும் பரிந்துரையாக வைத்திருப்பது இந்தச் சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாய விதிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. கோயம்புத்தூர்த் தோழர் அந்தத் தீர்ப்பை அச்செடுத்து நாற்காலிப் பையிலேயே வைத்திருக்கிறார்.

‘பழைய கட்டடம், பாரம்பரியக் கட்டடம், கை வைக்க முடியாது’ என்பார்கள். சுவரில் கை வைக்க வேண்டாம். மரத்தில் கழற்றி மாட்டும் சாய்தளம் போடலாமே. மெரினாவில் மணல் மேலேயே மரப்பாதை போட்டார்கள், 2022 நவம்பரில். தோழர் அதில் போய் முதல் முறையாகக் கடல் தண்ணீரில் கால் நனைத்தார். கொஞ்ச நாளிலேயே மாண்டஸ் புயலில் பாதை சேதமாகியது, பிறகு சரிசெய்தார்கள். மணலில் முடிந்தது மூன்று படியில் முடியாதா?

2 பிப்ரவரி, மதியம் 3.40

மதுரை அக்கா ஒருவர், ஆட்டிசம் உள்ள மகனை அருங்காட்சியகத்துக்குக் கூட்டிப் போனதைப் பற்றி எழுதியிருக்கிறார். எனக்கு இது புதிது. கூடத்தில் எதிரொலிக்கும் சத்தமும் மினுக்கும் குழல்விளக்கும் அவனுக்குத் தாங்கவில்லை. காதைப் பொத்திக்கொண்டு கத்தியிருக்கிறான். "பையனை அடக்குங்க" என்று சொல்லியிருக்கிறார்கள். வாரத்தில் ஒரு நாள், திறந்த முதல் ஒரு மணி நேரம், வீடியோவை நிறுத்தி, கூட்டத்தைக் குறைத்து வைத்தால் போதும் என்கிறார். வாசலிலிருந்து கடைசிக் கூடம் வரை போட்டோ எடுத்து முன்பே கொடுத்தால், வீட்டிலேயே அவனுக்குக் காட்டிப் பழக்கிக் கூட்டி வருவாராம். இதற்குப் பணமே வேண்டாம்.

ஒரு இடத்தில் மட்டும் அக்காவோடு ஒத்துப்போக முடியவில்லை. டிசம்பர் 3-ஆம் தேதி, மாற்றுத்திறனாளிகள் தினத்தில், கண்ணைக் கட்டிக்கொண்டு எல்லோரும் நடக்கும் நிகழ்ச்சி நல்லது என்கிறார். கண்ணைக் கட்டியதும் யாருக்கும் முதலில் வருவது பயம்தான். பத்து நிமிடம் பயந்துவிட்டு, "ஐயோ, இவங்க வாழ்க்கை எவ்வளவு கஷ்டம்" என்று வீட்டுக்குப் போவார்கள். என் வாழ்க்கை அந்தப் பத்து நிமிடம் இல்லை. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே என் பக்கத்தில் நின்று தொடட்டும், அந்தத் தோட்டை என்னோடு சேர்ந்து கண்டுபிடிக்கட்டும். டிசம்பர் 3 கொண்டாட்டத்தில் எனக்கு வருத்தமில்லை. டிசம்பர் 4-ஆம் தேதி நான் தனியாக, யாருக்கும் போன் செய்யாமல், வெள்ளைக் கோலோடு டிக்கெட் எடுத்துப் போனால் என்ன நடக்கும் என்பதுதான் என் கேள்வி.

இதை எழுதும்போதே, போன் செய்துவிட்டுப் போங்கள் என்று முதல் நாள் நானே சொன்னது உறுத்துகிறது. இன்றைய நிலைக்கு அதுதான் சரி, டீச்சர். ஆனால் மற்ற 33 பிள்ளைகளுக்காக யாரும் போன் செய்ய வேண்டியதில்லை.

5 பிப்ரவரி

சென்னைக்காரர்களுக்கு ஒரு வரி: காமராஜர் சாலையில் லேடி வெலிங்டன் வளாகத்தில் ‘மியூசியம் ஆஃப் பாசிபிலிட்டீஸ்’ 2022-லிருந்து இருக்கிறது. மாற்றுத்திறனாளிகளுக்கான கருவிகளைத் தொட்டு, இயக்கிப் பார்க்கத்தான் அங்கே வைத்திருக்கிறார்கள். போய் வாருங்கள்.

9 பிப்ரவரி, இரவு 10.30

"இதெல்லாம் இப்போதைய நாகரிகம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இல்லை ஐயா. இங்கிலாந்தில் சண்டர்லாந்து அருங்காட்சியகத்தில் சார்ல்டன் டீஸ் என்ற காப்பாட்சியர் 1913-லேயே பார்வையற்ற பிள்ளைகளை அழைத்துப் பொருள்களைக் கையில் கொடுத்திருக்கிறார்.

எனக்கு ரொம்பப் பிடித்தது இத்தாலியின் அங்கோனா நகரில் உள்ள ஓமெரோ அருங்காட்சியகம். ஆல்டோ கிராசினி, தானியேலா போத்தெகோனி என்ற பார்வையற்ற தம்பதி, ஊர் ஊராகப் பயணம் போவதில் ஆசை உள்ளவர்கள். போன இடத்தில் எல்லாம் தொடாதே, தொடாதே என்று கேட்டுக் கேட்டு, தொடுவதற்கென்றே ஒரு அருங்காட்சியகம் வேண்டும் என்று நின்றார்கள். 1993-ல் நகராட்சி தொடங்கியது, 1999-ல் அரசே அதைத் தேசிய அருங்காட்சியகமாக ஏற்றது. இந்தத் தம்பதியை நினைத்தால் எனக்குத் தெம்பு வரும். ஒரு வீட்டில் இருவர் பேசிக்கொண்டது ஒரு நாட்டின் சட்டம் வரை போயிருக்கிறது.

டீச்சர், 20-ஆம் தேதி என்றீர்கள். காப்பாட்சியர் என்ன சொன்னார்?

22 பிப்ரவரி, இரவு 9.50

டீச்சர் போனிலேயே பேசினார். அவர் சொன்னதை இங்கே போடச் சம்மதம் வாங்கிவிட்டேன்.

காப்பாட்சியர் முதலில் தயங்கியிருக்கிறார். "தொட்டுப் பார்க்க வருகிறாள்" என்றதும், நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாராம். மறுநாள் அவரே கூப்பிட்டு, முற்றத்தில் இரண்டு நடுகல், ஒரு நந்தி, உள்ளே கற்பெட்டி ஒன்று என்று வரிசையாகச் சொல்லியிருக்கிறார். போன அன்று அலுவலக அறையிலிருந்து ஒரு சின்ன அம்மன் சிலையும் கொண்டு வந்து மேசை நடுவில் வைத்திருக்கிறார். வெண்கலத்தில் வார்த்த நகல். சுவரோடு ஒட்டாமல் வைத்ததால் சுற்றி வர முடிந்தது. அவளைப் பின்னால் நிற்க வைத்தார்கள். இருபது நிமிடம். சக ஆசிரியரும் வந்து நின்றாராம், அவர் என்ன சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

முடி, தோள், இடுப்பு, பாதம் என்று இறங்கி வந்து, பீடத்தைத் தடவும்போது அவள் விரல் நின்றிருக்கிறது. பீடத்தின் பக்கத்தில் ஒரு ஓட்டை. மறுபக்கம் போனாள், அங்கேயும் ஒன்று. "சார், இங்க ஓட்டை இருக்கு. உடைஞ்சு போச்சா?" டீச்சர் குனிந்து பார்த்திருக்கிறார், மற்ற பிள்ளைகளும் குனிந்திருக்கிறார்கள். அதுவரை யாரும் பீடத்தைப் பார்க்கவில்லை, முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

உடையவில்லை, கம்பு செருக வைத்த ஓட்டை என்றார் காப்பாட்சியர். திருவிழாவில் கம்பைச் செருகிக் கட்டி, தோளில் தூக்கிக்கொண்டு வீதி உலா போவார்கள். மூலவர் கல்லாகக் கருவறையிலேயே இருப்பார், இந்த ஓட்டைகள் வெளியே போகும் உற்சவருக்கு.

அவள் இரண்டு ஓட்டையிலும் ஆள்காட்டி விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ இது வெளியில போற சாமி" என்றாளாம்.